தீவை விட்டு வந்த பல்லி

நம் வீட்டில் யாரும் பல்லி வளர்ப்பதில்லை. அது தானாகவே வளர்கிறது. டியூப்லைட் பக்கத்தில் காத்திருந்து பூச்சி பிடிக்கிறது. அலமாரிக்குப் பின்னால் முட்டையிடுகிறது. தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று தினசரிக் காலண்டரில் அதற்கென்று ஒரு பட்டியலே உண்டு. அப்படியிருக்க, ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் உங்கள் வயதுப் பிள்ளைகள் காசு கொடுத்துப் பல்லி வாங்குகிறார்கள், அதற்குப் பெயர் வைக்கிறார்கள், பதினைந்து இருபது வருஷம் வளர்க்கிறார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு வாருங்கள், கதை இருக்கிறது.

அவர்கள் வளர்க்கும் பல்லிகளில் ஒன்று கிரெஸ்டட் கெக்கோ. இந்தப் பேச்சு முடியும்வரை அதை ‘மகுடப் பல்லி’ என்று நாமே அழைத்துக்கொள்வோம். வாலோடு சேர்த்து அளந்தால் சுமார் 20 செ.மீ. நீளம். எடை ஓர் எலுமிச்சம்பழம் அளவு. கண்ணுக்கு மேலே இமைமயிர் போல ஒரு வரிசை முள். ஆனால் தொட்டால் குத்தாது, மெத்தென்று இருக்கும். அந்த வரிசை தலையின் இரு பக்கமும் இறங்கி முதுகுவரை போகிறது. வாயின் ஓரம் சற்று மேலே வளைந்திருப்பதால் எப்போது பார்த்தாலும் சிரிப்பது போலவே இருக்கும். கோபத்தில் கடிக்கும்போதும் அதே சிரிப்புதான்!

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில், பிரான்ஸ் நாட்டின் ஆட்சியில் உள்ள நியூ கலிடோனியாத் தீவுகள்தான் இதன் ஊர். வேறு எங்கும் இது இயற்கையில் கிடையாது. 1866ல் அல்ஃபோன்ஸ் கிஷ்னோ என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆராய்ச்சியாளர்கள் கையில் இது சிக்கவே இல்லை. பூண்டோடு அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1994ல், ஒரு புயல் அடித்து ஓய்ந்த சமயம், அந்தத் தீவுக் கூட்டத்தின் தெற்கே உள்ள பைன் தீவில், ராபர்ட் செய்ப் என்பவர் தலைமையில் போன குழு இதை உயிரோடு கண்டது. அந்த ஆண்டுகளில் தீவுகளிலிருந்து வெளிநாட்டுக்குப் போனவை கொஞ்சம்தான். இன்று காட்டிலிருந்து பிடித்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. ஆகவே உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் மகுடப் பல்லிகள் எல்லாம் அன்று போன சிலவற்றின் பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரன் பேத்திகள்.

அழிந்துபோனதாக நினைத்த ஒரு பிராணி, முப்பது வருஷத்துக்குள் கடையில் விற்கும் அளவுக்குப் பெருகியது எப்படி? வளர்ப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். பல்லியைப் பெட்டிக்குள் வைத்தால் போதாது. அதன் தீவையே பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும்.

முதலில் பெட்டி. 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம், மேலே வலை போட்ட மூடி. அகலத்தைவிட உயரம் ஏன் அதிகம் என்று கேட்பீர்கள். இது தரையில் ஓடும் பல்லி இல்லை, புதரிலும் மரத்திலும் ஏறித் திரிவது. உள்ளே கிளைகளும் அகல இலைகளும் வேண்டும். பகல் முழுக்க இலை மறைவில் தூங்கும். இருட்டிய பிறகுதான் நடமாட்டம்.

அடுத்தது வெப்பம். வெப்பநாட்டுத் தீவு என்றதும் கொதிக்கும் வெயிலை நினைத்துவிடாதீர்கள். நான்கு பக்கமும் கடல். கோடையிலும் பகல் வெப்பம் சராசரியாக 30 டிகிரி செல்சியஸுக்குள்தான். இரவில் காடு குளிர்ந்துவிடும். மகுடப் பல்லிக்குச் சுகமான வெப்பம் 22 முதல் 26 டிகிரி. 28ஐத் தாண்டி நீண்ட நேரம் இருந்தால் அது துவண்டுவிடும். ஐரோப்பியர் வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. சாதாரண அறை வெப்பமே போதும். மே மாதத்து வேலூரை நினைத்துப் பாருங்கள்! ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓடினால்தான் அது பிழைக்கும். ஒரு மதியம் மின்சாரம் போனால் கதை முடிந்தது. அதனால் நம் ஊருக்கு இந்தப் பல்லி வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு பிராணியை வேகவைக்க முடியுமா?

தண்ணீர்க் கிண்ணம் வைத்தாலும் இது பெரும்பாலும் இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே சாயங்காலம் ஸ்பிரே பாட்டிலால் பெட்டி முழுக்கத் தெளிக்கிறார்கள். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் வரை ஏறும். மறுநாள் பகலில் அது 50 வரை இறங்கிக் காய வேண்டும். எப்போதும் சொதசொதவென்று வைத்தால் பூஞ்சை பிடிக்கும். எப்போதும் காய்ந்து கிடந்தால் தோல் சரியாக உரியாது. உரியாத தோல் விரலைச் சுற்றி இறுகிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று விரல் நுனியே கருகி விழும். சரியாக உரிந்தால் என்ன செய்யும் தெரியுமா? உரித்த தோலை வாயால் இழுத்து, கையுறை கழற்றுவது மாதிரி விரல் விரலாக விடுவித்து, அப்படியே தின்றுவிடும். வளர்க்கிறவர்களே அதை அபூர்வமாகத்தான் பார்க்கிறார்கள். காலையில் எழுந்தால் பல்லி புது நிறத்தில் இருக்கும், பழைய தோலைக் காணோம்.

இதற்குக் கண் இமையும் கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் மூடியிருக்கிறது. தூசி விழுந்தால் கண் சிமிட்ட முடியாதே! நாக்கை நீட்டி, முதலில் ஒரு கண்ணை, பிறகு மற்றதைத் துடைத்துக்கொள்கிறது. பகலில் பார்த்தால் கண்மணி ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. அதன் ஓரம் நெளிநெளியாக இருக்கும். இருட்டில் அதே கண்மணி விரிந்து கண்ணையே நிரப்பிவிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். காட்டில் இது கனிந்த பழம், பூந்தேன், பூச்சி மூன்றையும் தின்கிறது. பழம்தானே, தினமும் வாழைப்பழம் கொடுத்தால் போதாதா? ஆரம்பத்தில் வளர்த்தவர்கள் பழக்கூழும் பூச்சியும்தான் கொடுத்தார்கள், பல பல்லிகளின் எலும்பு வளைந்தது. வாழைப்பழத்தில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். கால்சியம் ஏறக்குறைய இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற கணக்கில் உணவு அமைய வேண்டும். அது தலைகீழானால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கிறது. தாடை ரப்பர் போலாகிவிடும், முதுகெலும்பு நெளியும். இன்று பழம், புரதம், கால்சியம், வைட்டமின் டி3 எல்லாம் அளவாகச் சேர்த்த பொடி விற்கிறார்கள். தண்ணீரில் குழைத்துச் சின்ன மூடியில் ஊற்றி, கிளை உயரத்தில் வைத்தால் நக்கித் தின்னும். இடையிடையே சுவர்க்கோழிப் பூச்சி. அதையும் கால்சியம் பொடியில் புரட்டித்தான் விடுவார்கள். பல்லியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ, அதைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் எளிய அளவுகோல்.

ஒட்டிக்கொள்ளும் பாதத்தைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. விரலடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. அவ்வளவு நுனியும் சுவரை மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே வரும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்புதான் பிடிக்கிறது. மகுடப் பல்லிக்கு வால் நுனியிலும் அப்படி ஒரு பட்டை உண்டு. ஆக, கிளையிலிருந்து கிளைக்குத் தாவ ஐந்தாவது கை!

ஆனால் அந்த வால் ஒரே ஒரு தடவைதான். நம் வீட்டுப் பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடினால் சில வாரத்தில் புது வால் முளைக்கிறதல்லவா? மகுடப் பல்லிக்கு முளைக்காது. காயம் ஆறி, ஒரு சின்னக் கூம்பு மட்டும் மிஞ்சும். பயந்தாலோ வாலைப் பிடித்தாலோ கழற்றிவிடும், அத்தோடு சரி. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. காட்டில் இருக்கும் பெரிய பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு வாலே இல்லை. வால் இல்லாமலும் அவை தாவுகின்றன, தின்கின்றன, முட்டையிடுகின்றன.

முட்டை என்று வந்ததும்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

இரண்டு ஆண் பல்லிகளை ஒரே பெட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஓர் ஆண், ஒரு பெண் என்றால் பரவாயில்லை. ஆனால் அதற்கும் அவசரப்படக் கூடாது. பெண் பல்லிக்குக் குறைந்தது ஒன்றரை வயது, 35 கிராம் எடை. அதுவரை நல்ல வளர்ப்பாளர்கள் காத்திருப்பார்கள். தபால் எடைபோடும் சின்ன மின்தராசு ஒன்று அவர்கள் மேசையில் எப்போதும் இருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. பல்லி வாயைத் திறக்கும்போது மேல் அண்ணத்தில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். அவை கால்சியம் சேமித்து வைக்கும் பைகள். பை காலியாக இருந்தால் அந்தப் பெண் பல்லிக்கு இது முட்டையிடும் வேளை இல்லை.

ஒரு தடவை சேர்ந்துவிட்டால் ஆணின் விந்தணுக்களை உடம்புக்குள் சேமித்துவைத்து, பல மாதம் வரை முட்டையிட்டுக்கொண்டே இருக்கப் பெண்ணால் முடியும். ஈட்டுக்கு இரண்டு முட்டை. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு ஈடு. கணக்குப் போடுங்கள்: ஐந்து வாரத்துக்கு இரண்டு என்றால் ஒன்பது மாதத்தில் சுமார் பதினாறு. ஒரு கைப்பிடிப் பல்லிகள் உலகத்தை நிரப்பிய ரகசியம் இதுதான். மிச்ச மூன்று மாதம் பெட்டியின் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி குறைத்து, விளக்கு எரியும் நேரத்தையும் குறைக்கிறார்கள். தீவில் குளிர்காலம் வந்துவிட்டது என்று நம்பிப் பெண் பல்லி முட்டையிடுவதை நிறுத்தி, கால்சியத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். இந்த ஓய்வைக் கொடுக்காமல் வருஷம் முழுக்க முட்டை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது பேராசை.

நம் வீட்டுப் பல்லியின் முட்டையைப் பார்த்திருப்பீர்கள்: வெள்ளையாக, உருண்டையாக, இரண்டு இரண்டாக, போட்டோ சட்டத்துக்குப் பின்னால். அதன் ஓடு கெட்டி. தண்ணீர் வெளியேறுவது குறைவு, வெளியிலிருந்து தண்ணீர் தேவையும் இல்லை. அதனால்தான் காய்ந்த சுவரிலும் குஞ்சு பொரிக்கிறது. மகுடப் பல்லியின் முட்டை வேறு ரகம். ஓடு தோல் போல மெத்தென்று வளையும். இட்டபோது சுமார் இரண்டரை செ.மீ. நீளம், சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி நாளாக ஆகப் பருக்கும். காய்ந்த இடத்தில் வைத்தால் இரண்டே நாளில் குழி விழுந்து சுருங்கிவிடும். அதனால் தாய் ஈர மண்ணைத் தேடித் தோண்டிப் புதைக்கிறது. பெட்டிக்குள் மண்ணுக்கு எங்கே போவது? ஒரு டப்பாவில் ஈரமான தேங்காய் நார்த்தூளை நிரப்பி வைக்கிறார்கள். ஆமாம், மாடித்தோட்டத்தில் போடும் அதே கோகோபீட்தான். உலகச் சந்தைக்கு நார்த்தூள் கட்டிகளை அதிகம் அனுப்புவது இந்தியாவும் இலங்கையும். பொள்ளாச்சித் தென்னையின் தூளில் ஒரு பசிபிக் பல்லி, ஏதோ ஜெர்மன் வீட்டில், முட்டை புதைத்துக்கொண்டிருக்கலாம்!

மூக்கில் மண் ஒட்டியபடி தாய் வெளியே வந்தால் முட்டை தயார். இனி எடுக்கிறவர் கவனம். முட்டை எந்தப் பக்கம் மேலே பார்த்துக் கிடந்ததோ, அதில் பென்சிலால் ஒரு புள்ளி. அதற்கப்புறம் அந்தப் புள்ளி எப்போதும் மேலேயே இருக்க வேண்டும். கோழி தன் முட்டையை ஒரு நாளில் பலமுறை புரட்டுகிறதே, இதை மட்டும் ஏன் புரட்டக் கூடாது? கோழிமுட்டையை உடைத்து ஊற்றும்போது மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கிய வெள்ளை நூல் மாதிரி ஒன்று இருக்கும், அடுத்த தடவை ஆம்லெட் போடும்போது பாருங்கள். அந்த நூல்தான் கருவை நடுவில் தொங்கவிட்டுப் பிடித்திருக்கிறது. பல்லி முட்டையில் அந்த நூல் இல்லை. முட்டை இட்ட கொஞ்ச காலத்திலேயே கரு மேல் பக்கம் வந்து, அதன் சவ்வுகள் ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. பிறகு புரட்டினால் சவ்வு கிழியலாம், அல்லது மஞ்சள் கருவின் பாரம் கருவின் மேல் விழலாம்.

இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன டார்ச்சை வைத்தால் உள்ளே தெரியும். இளஞ்சிவப்பு வட்டமும் மெல்லிய ரத்தநாளங்களும் இருந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாக ஒளிர்ந்தால் அது கூமுட்டை. நல்ல முட்டையை, வெர்மிகுலைட் என்ற தாதுத் துகள்களை ஈரமாக்கி நிரப்பிய டப்பாவில் பாதி புதைத்து, 22 முதல் 24 டிகிரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எத்தனை நாள்? அது வெப்பத்தைப் பொறுத்தது. இரண்டு மாதத்திலும் பொரிக்கும், நான்கு மாதமும் ஆகும். சூடு கூடினால் சீக்கிரம், குறைந்தால் தாமதம். கோழிக்கு 21 நாள் என்று நாள் குறித்துவிடலாம். பல்லியோ தன் உடம்புச் சூட்டுக்கு வெளி உலகை நம்பியிருக்கும் பிராணி. அதன் முட்டைக்கும் காலண்டர் கிடையாது, தெர்மாமீட்டர்தான்.

பொரிக்கும் நாளில் ஓட்டின் மேல் வியர்த்தது போல நீர்த்துளிகள் அரும்பும். பிறகு ஒரு கீறல். ஓட்டைக் கிழிக்கும் முட்டைப் பல் பாம்புக்கும் ஓணானுக்கும் ஒன்றுதான். பல்லி இனத்துக்கோ ஜோடியாக இரண்டு. கீறலில் மூக்கை நீட்டி, மணிக்கணக்கில் ஓய்வெடுத்துவிட்டு, ஒரே உந்தில் வெளியே வரும். எடை இரண்டு கிராமுக்குள். வந்ததும் முதல் வேலை தோல் உரிப்பது. முதல் சாப்பாடு அந்தத் தோல். மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றில் இருப்பதால் அடுத்த சில நாளைக்கு எதைக் கொடுத்தாலும் திரும்பிப் பார்க்காது. குஞ்சைத் தாயிடம் விடக் கூடாது. தாய்ப்பாசமெல்லாம் மண்ணை மூடியதோடு முடிந்துபோயிற்று. கையில் கிடைத்தால் தின்றாலும் தின்றுவிடும்.

இனி ஒரு விசித்திரம். லெப்பர்ட் கெக்கோ என்று புள்ளிபோட்ட பல்லி ஒன்று உண்டு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட மலைக்காரன். அதற்கு இமையும் உண்டு, கண்ணும் சிமிட்டும். அதன் முட்டையை 26 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே பெண். 32.5ல் வைத்தால் பெரும்பாலும் ஆண். இன்னும் ஏற்றி 35ஐ நெருங்கினால் மறுபடியும் பெண்! முட்டைக்குள் போகும்போது ஆணா பெண்ணா என்ற முடிவே இருப்பதில்லை. டப்பாவின் சூடுதான் முடிவு செய்கிறது.

இதே லெப்பர்ட் கெக்கோவில்தான் வளர்ப்பவர்களுக்கு ஒரு அடி விழுந்தது. சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு குஞ்சு பிறந்தது. மிஸ்டர் ஃப்ராஸ்டி என்று பெயர். அதன் வாரிசுகள் ‘லெமன் ஃப்ராஸ்ட்’ என்ற பெயரில் நல்ல விலைக்குப் போயின. கொஞ்ச காலத்தில் அவற்றின் தோலில் வெள்ளைக் கட்டிகள் கிளம்பின. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மரபணுக்களை ஆராய்ந்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் படிகங்களைச் சுமக்கும் தோல் செல்கள்தான் அந்த வெள்ளைப் பளபளப்பைத் தந்தன. அதே செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகியதுதான் கட்டி. ஸ்பின்ட்1 என்ற மரபணுவை நோக்கிச் சந்தேகம் போயிற்று. மனிதர்களின் தோல் புற்றுநோயோடும் தொடர்புள்ள மரபணு அது. இந்த நிறப் பல்லிகளில் 80 சதவீதத்துக்கு மேல் கட்டி வந்தது. நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோயைக் கழற்றிவிட வழியில்லை, இரண்டும் ஒன்றே. தெரிந்த பிறகும் அந்த நிறத்துக்காக முட்டை வைப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகுடப் பல்லியிலும் ‘லில்லி ஒயிட்’ என்று ஒரு வெள்ளை ரகம் இருக்கிறது. அதற்கு நோய் இல்லை. ஆனால் இரண்டு லில்லி ஒயிட்டைச் சேர்க்கக் கூடாது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வெள்ளைக் காரணி இரண்டும் ஒரே முட்டையில் சேர்ந்தால் குஞ்சு பிழைப்பதில்லை. இரண்டு நாணயத்தைச் சேர்த்துச் சுண்டுங்கள்: நான்கில் ஒரு தடவை இரண்டும் தலை விழும். அந்த நான்கில் ஒரு முட்டை வீண்.

தீவில் நிலைமை என்ன? காட்டு மகுடப் பல்லியின் முக்கிய எதிரிகள் மனிதர்கள் பின்னால் கப்பலில் வந்தவை. நியூ கலிடோனியாவின் நிலத்தில் வாழும் சொந்தப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. எலி, பூனை, பன்றி எல்லாம் வந்தேறிகள். அவற்றையும்விடச் சின்னதாக இன்னொன்று வந்தது. அமெரிக்கக் கண்டத்து வெப்பக்காட்டின் குட்டி நெருப்பெறும்பு, ஒன்றரை மில்லிமீட்டர்தான் நீளம், கொட்டினால் எரியும். அது பரவிய காட்டில் பல்லிகள் குறைகின்றன. வெளிநாட்டில் இவ்வளவு பல்லிகள் இருக்கின்றனவே, திருப்பி அனுப்பினால் என்ன என்று தோன்றும். பெட்டிக்குள் பிறந்தவை பல இடத்துப் பல்லிகளின் கலப்பு. நிறத்துக்காகவே பொறுக்கிச் சேர்க்கப்பட்டவை. அவை சுமந்துபோகும் கிருமி காட்டுப் பல்லிக்குப் புதிதாக இருக்கலாம். எறும்பும் அங்கேயேதான் இருக்கும்.

உங்களுக்குப் பெட்டியும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். ராத்திரி ஜன்னல் கண்ணாடியின் மறுபக்கம் பல்லி ஏறினால் உள்ளிருந்து பாருங்கள். விரலடிப் பட்டைகள் வரி வரியாகத் தெரியும். அடி எடுத்துவைக்கும் முன் விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டித்தான் பிடியை விடுவிக்கும். மூலையில் முட்டை ஒட்டியிருந்தால் தொடாமல் விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பொரித்த பிறகு காலி ஓடு அங்கேயே இருக்கும். அதைச் சுரண்டி எடுத்துக் கைலென்ஸ் வழியாக உடைந்த விளிம்பைப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்: வீட்டுப் பல்லியோ மகுடப் பல்லியோ, எதன் குடலிலும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம்.